பந்தயக் காருக்கு எந்த எண்ணெய்

எனக்குக் கல்யாணமாகி நான்காவது வருஷம், எழுபதுகள் முடியப்போகிற சமயம். கப்பலில் வேலை பார்த்த என் பெரியப்பா மகன் லீவில் வந்தபோது சிங்கப்பூரிலிருந்து இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகள் கொண்டுவந்தார். ஒன்று என் அண்ணனுக்கு, இன்னொன்று என் வீட்டுக்காரருக்கு. பெட்டிக்குள் இருந்தது ரேடியோவில் ஓடும் பந்தயக் கார். ஒரு முழ நீளம், நான்கு தடித்த ரப்பர் சக்கரம், கையில் பிடித்து ஓட்ட ஏரியல் வைத்த ஒரு பெட்டி. ஆனால் காராக வரவில்லை. நூற்றுக்கணக்கான துண்டுகளாக வந்தது. நாம்தான் பூட்டிக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே. தென்னையும் நிலக்கடலையும்தான் விவசாயம். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்று மோட்டார் நின்றாலும் என் வீட்டுக்காரரைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெருமை அவருக்கு நிறைய உண்டு. பெட்டியில் இருந்த விளக்கப் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். ஜப்பான் எழுத்துக்குக் கீழே இங்கிலீஷிலும் போட்டிருந்தது. நான் கோயமுத்தூரில் பி.யூ.சி. வரை படித்தவள், வாசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"பத்துக் குதிரை மோட்டாரையே கண்ண மூடிட்டுப் பூட்றவன் நான். இதுக்குப் பொஸ்தகம் வேறயா?" என்றார்.

இரண்டு நாளில் பூட்டி முடித்தார். ஏழு துண்டுகள் மிச்சம் கிடந்தன.

"ஏனுங்க, இதெல்லாம் எங்க போகோணும்?"

"மிச்சமானா வேண்டாததுன்னு அர்த்தம், புள்ள."

அந்த ஏழில் நான்கு, ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையங்கள். அது இல்லாததால் கார் வயிறு தரையில் உரச உட்கார்ந்திருந்தது. மூன்றாம் நாள் திரும்பப் பிரித்துப் பூட்டினார்.

எங்கள் களம் மண் களம். சாணி போட்டு மெழுகி, வெயிலில் வெடித்து, மறுபடி மெழுகியது. அதில் நான்கு மூலைக்கு நான்கு தேங்காயை வைத்து அதைச் சுற்றி ஓட்டினார். நேராக நன்றாகத்தான் போனது. முதல் தேங்காயில் திரும்பியதும் வெடிப்பில் ஏறிக் குதித்து, மல்லாந்து, சக்கரம் நான்கும் வானத்தைப் பார்க்கச் சுற்றிக்கொண்டிருந்தது. ஓடிப் போய்த் திருப்பி வைத்தேன். இரண்டாவது தேங்காயில் மறுபடி மல்லாந்தது. அன்றைக்கு எத்தனை தடவை ஓடினேன் என்று தெரியவில்லை. ஓட்டுகிற ஆள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

பேட்டரி பத்து நிமிஷம்தான் தாங்கும். அதைத் திரும்பச் சார்ஜ் ஏற்ற, எங்கள் ஊர் கரண்டின் வோல்டேஜுக்கு, கிட்டத்தட்ட ஒரு பகல் வேண்டும். ஆக, ஒரு நாளைக்கு ஒரு பரீட்சைதான். எனக்கு எரிச்சல் வந்தது அங்கேதான். தினமும் அவர் ஒரே நேரத்தில் மூன்று காரியம் செய்வார். ஸ்பிரிங்கை இறுக்குவார், ஸ்பிரிங்குக்குள் நிற்கிற ஷாக் அப்சார்பர் குழாயில் எண்ணெயை மாற்றுவார், ஷாக்கின் மேல்முனையை வேறு துளையில் மாட்டுவார். அதற்கு மூன்று துளைகள் உண்டு. கார் கொஞ்சம் நன்றாக ஓடும், அல்லது இன்னும் மோசமாக ஓடும்.

"இப்ப எதனால நல்லா ஓடுச்சுங்க?"

"மொத்தமாத்தான்."

"மொத்தமான்னா எப்படீங்க? மூணுல எது?"

"உனக்கு வண்டி ஓடோணுமா, கேள்வி கேக்கோணுமா?"

மறுநாள் அந்த மூன்றையும் மாற்றிவிடுவார்.

நானே புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஸ்பிரிங் வண்டியின் எடையைத் தாங்குகிறது. ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்காமல் ஷாக்கில் உள்ள எண்ணெய் அடக்குகிறது. எண்ணெய் நீர்த்தால் வண்டி துள்ளும். கெட்டியானால் மேடு ஏறிய சக்கரம் சீக்கிரம் கீழே இறங்காது. இவ்வளவுதான் விஷயம். பெட்டியோடு அதற்கென்று ஒரு சின்னக் குப்பி எண்ணெய் வந்திருந்தது. அதை முதல் நாளே பல்சக்கரத்தில் ஊற்றித் தீர்த்திருந்தார்.

தையல் மிஷின் எண்ணெய் ஊற்றிப் பார்த்தோம். கார் தவளை மாதிரி போனது. விளக்கெண்ணெய் ஊற்றினோம். கட்டை வண்டி மாதிரி போனது. பிறகு ஒரு சாயங்காலம் என்னைக் கேட்காமல் தேங்காய் எண்ணெய் ஊற்றினார். அன்றைக்கு ஐந்து சுற்று விழாமல் ஓடியது. நானே அசந்துவிட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் நாலைந்து பேரைக் கூட்டிவந்து களத்தில் நிறுத்திவிட்டார். பேட்டரியை ராத்திரியே சார்ஜில் போட்டிருந்தார்.

அது மார்கழி. மலைக் கணவாய் வழியாகக் குளிர்காற்று அடிக்கிற மாதம். காரை விட்டதும் கல்லைத் தூக்கி எறிந்தது போலத் தட்டித் தட்டிக் குதித்து வேலியில் போய் முட்டியது. வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"பேட்டரி வீக்கு" என்றார்.

நான் ஒரு ஷாக்கைத் திறந்தேன். உள்ளே எண்ணெய் வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது. எங்கள் அத்தை, அவருடைய அம்மா, தலைக்கு வைக்கிற எண்ணெய்க் குப்பியைக் களத்து ஓரம் வெயிலில் வைத்துவிட்டு, நான் கையில் பிடித்திருந்ததைப் பார்த்தார்.

"குப்பியில இருக்கறதே இன்னும் எளகல. அதுல ஊத்துனது மட்டும் எளகுமா, அம்முணி? மத்தியானத்துக்கு மேல ஓட்டச் சொல்லு."

அத்தைக்குத் தெரிந்தது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அதுதான் எனக்கு அதிகக் கோபம்.

உறையாத எண்ணெய் வேண்டும், அவ்வளவு கெட்டியும் கூடாது. எங்கள் காட்டுக் கடலையை ஆட்டிய எண்ணெய் வீட்டில் தகரம் தகரமாக இருந்தது. அதை ஊற்றினேன். ஒரே ஒரு நிபந்தனையும் போட்டேன். இனி நாளைக்கு ஒரு மாற்றம்தான், அதையும் எழுதி வைத்த பிறகுதான். அவர் சரி என்றார். மறுநாள் ஸ்பிரிங் வளையம் நான் வைத்த இடத்தில் இல்லை.

"கைபட்டு நகந்திருக்கும்" என்றார்.

அன்று முதல் வளையம் நிற்கிற இடத்தில் சாந்துப்பொட்டால் ஒரு கோடு போட்டு வைத்தேன். கோடு விலகினால் யார் கை பட்டது என்று தெரிந்துவிடும். இரண்டு தடவை விலகியது. மூன்றாவது தடவை அவர் என் சாந்துக் குப்பியை எடுத்து, நகர்த்திய இடத்தில் புதிதாகக் கோடு போட்டிருந்தார். ஆனால் குச்சியைக் கழுவாமல் வைத்துவிட்டார். குப்பிக்குள் கடலை எண்ணெய் மிதந்தது. அன்றைக்கு நான் சமைக்கவில்லை. அத்தைதான் சமைத்தார். மகனுக்குச் சோறு போடும்போது, "அவள சித்த உட்றா, அவ பண்ணட்டும்" என்று மட்டும் சொன்னாராம்.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நாளில் ஒரு வழிக்கு வந்தது. ஸ்பிரிங் வளையம் இறுக்கம், அதனால் வண்டி தரையிலிருந்து நல்ல உயரம், முன் ஷாக் நடுத்துளை, பின் ஷாக் வெளித்துளை. எங்கள் களத்தில் பேட்டரி தீரும்வரை ஒரு தடவைகூட விழாமல் ஓடியது. வெடிப்பில் சக்கரம் மட்டும் இறங்கி ஏறும், உடம்பு அசையாது. பார்க்கவே அழகாக இருந்தது. நான் அந்தச் செட்டிங்கைப் பெரிய எழுத்தில் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டேன். இதுதான் சரியான செட்டிங், இனி யாரும் தொடக்கூடாது என்றேன். அந்த அகம்பாவம் என்னுடையதுதான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பந்தயத்துக்குக் கூப்பிட்டார். அவர் ஊர் வேலந்தாவளத்துக்குப் பக்கம். கொப்பரை காயவைக்கப் புதிதாகச் சிமெண்டுக் களம் போட்டிருந்தார். கண்ணாடி மாதிரி வழவழப்பு. சொந்தக்காரர்கள் இருபது பேராவது கூடியிருந்தார்கள். பேட்டரி சார்ஜ் ஏற நடுவில் பகலை விட்டு, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று இரண்டு பந்தயம், ஒவ்வொன்றும் நான்கு மூலைத் தேங்காயைச் சுற்றிப் பத்துச் சுற்று.

எங்கள் கார் முதல் திருப்பத்திலேயே மல்லாந்தது. திருப்பி வைத்தேன். அடுத்த திருப்பத்திலும் மல்லாந்தது. அண்ணனின் கார் ஷாக்கையே தொடாமல், பெட்டியில் சொன்னபடி பூட்டிய கார். அது பத்துச் சுற்றும் முடித்துவிட்டது. நாங்கள் மூன்றாவது சுற்றில் கிடந்தோம்.

"என்னங்க மாப்ள, வண்டி படுத்துப் படுத்து எந்திரிக்குது?" என்று அண்ணன் கேட்டார்.

என் வீட்டுக்காரர் அத்தனை பேர் முன்னாலும் என்னைக் கைகாட்டினார். "செட்டிங் பூராவும் உங்க தங்கச்சிங்க. என்னயத் தொடவே உடலீங்க."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. காரைத் தூக்கிக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான். அவர் மேல் பாதி, அந்த இரண்டு கோடு போட்ட என் மேல் பாதி.

சக்கரத்தைக் கையால் தடவியபோதுதான் புரிந்தது. எங்கள் மண் களத்தில் திரும்பும்போது சக்கரம் புழுதியில் கொஞ்சம் வழுக்கும். வழுக்குவதால் சாயாது. இந்தச் சிமெண்டில் ரப்பர், அட்டைப்பூச்சி மாதிரி ஒட்டுகிறது. சக்கரம் ஒட்டிக்கொள்ள, உயரமாக நிற்கிற வண்டி அப்படியே கவிழ்கிறது. மண்ணுக்கு வைத்த உயரம் இங்கே ஆகாது. சரியான செட்டிங் என்று ஒன்று கிடையாது, இந்தத் தரைக்குச் சரியானது என்றுதான் உண்டு. ஒரு மாதம் எழுதி எழுதி இதை நான் ஓர் இடத்திலும் எழுதவில்லை.

அவர் பின்னாலேயே வந்தார். கையில் விளக்கெண்ணெய்க் குப்பி. அண்ணியிடம் வாங்கியிருக்கிறார்.

"எண்ணெய மாத்தீருவோம், ஸ்பிரிங்கை இறுக்கீருவோம், துளையையும்..."

"ஒண்ணே ஒண்ணுதானுங்க. வண்டியத் தாழ்த்தோணும். வேற எதையும் தொடாதீங்க."

"அது பத்தாது, புள்ள."

"பத்தலீன்னா நான் இனிமே இதத் தொடல. நீங்களே ஓடித் திருப்பி வெச்சுக்கங்க."

குப்பியைக் கீழே வைத்தார். நான்கு வளையத்தையும் நான் தளர்த்த, அவர் வண்டியைப் பிடித்துக்கொண்டார். அளவு பார்க்கத் தீப்பெட்டியை அடியில் படுக்க வைத்தோம். உராயாமல் நுழைகிற அளவுக்கு இறக்கினோம்.

சாயங்காலம் நான் ஓடவேண்டியிருக்கவில்லை. எட்டுச் சுற்று இரண்டு காரும் ஒன்றாகவே போயின. ஒன்பதாவதில் எங்கள் கார் தேங்காயை லேசாக உரசி அகலமாகச் சுற்றியது. கடைசியில் ஒரு திருப்பம் பின்னால் முடித்தது. தோற்றோம்தான். ஆனால் ஒரு தடவைகூட விழவில்லை.

"மத்தியானத்துக்குள்ள என்னங்க மந்திரம் பண்ணுனீங்க? இது யாரு செட்டிங்?" என்றார் அண்ணன்.

"நாங்க ரண்டு பேருந்தானுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

கோபப்படுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை விளக்கெண்ணெய் ஊற்றியிருந்தால் ஜெயித்திருப்போம் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அடுத்த பந்தயம் நடக்கவில்லை. அந்த மாசியில் எங்கள் கார் கல்தூணில் மோதி, முன் இடது சக்கரத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் கை முறிந்தது. கப்பலில் இருந்த பெரியப்பா மகனுக்கு எழுதினோம். மழைக்காலம் முடிந்து பார்சல் வந்தது. உள்ளே வலது கை இருந்தது. அதற்குள் அண்ணனுக்கு அந்த விளையாட்டே சலித்துவிட்டது. அவர் தன் காரை அப்படியே எங்களுக்குக் கொடுத்தனுப்பினார். அதிலிருந்து இடது கையைக் கழற்றி மாட்டினோம். கார் ஓடியது. போட்டி போட ஆள்தான் இல்லை.

களத்தில் தேங்காயை வைத்துத் தனியாக ஓட்டினார். ஒரு நாள் கன்ட்ரோல் பெட்டியை என்னிடம் நீட்டினார். அத்தனை மாதத்தில் நான் அதைக் கையால் பிடித்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. வாங்கி ஓட்டினேன். முதல் தேங்காயிலேயே நேராகப் போய் இடித்து மல்லாந்தது. அவர்தான் ஓடிப் போய்த் திருப்பி வைத்தார். நான்கு சக்கரத்தையும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார்.

"ஷாக்கு நல்லாத்தான் இருக்குது. ஓட்டறதுதான் செரியில்ல" என்றார்.

பெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். சித்த நேரம் கழித்து, அவர் தேங்காய்களை இன்னும் அகலமாகத் தள்ளி வைப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. எனக்காகத்தான் என்று புரிந்தது. உடனே வெளியே போகவில்லை.