இராஜாங்கம் கற்ற பாதிப் பாட்டு

இராஜாங்கம் பியானோ வகுப்பில் சேர்ந்தது ஒரு கையெழுத்தினால். தஞ்சாவூருக்கு வெளியே ஒரு கல்லூரியில் அவர் பொருளியல் பேராசிரியர். அந்த வருஷம் தீபாவளி முடிந்து கல்லூரி திறந்ததும், மாலை நேரச் சான்றிதழ்ப் படிப்பாகப் பியானோ சொல்லித்தருவதாக அறிவித்தார்கள். வகுப்பு நடத்தத் தேவையான ஆள் சேரவில்லை. ஒருவர் குறைந்தார். முதல்வர் அவரை வராந்தாவில் பிடித்துக்கொண்டு, "பேருக்கு ஒரு கையெழுத்துப் போடுங்க சார். நீங்க வரணும்னு கட்டாயமில்ல" என்றார். போட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. வண்டியை எடுக்க முடியாமல் நின்றவர், விளக்கு எரிந்த அறைக்குள் போய் உட்கார்ந்தார். அது முன்பு தட்டச்சு வகுப்பாக இருந்த அறை. பியானோ என்று சொன்னார்களே தவிர, வந்திருந்தவை எல்லாம் கரண்டில் ஓடும் கீபோர்டுகள். வருகை எடுத்த ஆசிரியை அவர் பெயரையும் வாசித்தார். பழக்கதோஷத்தில் "உள்ளேன்" என்றார். பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஆசிரியை பெயர் ஷமீரா. கூத்தாநல்லூர்க் குடும்பம். அப்பா ஷார்ஜாவில் கடை வைத்திருந்ததால் அங்கேயே வளர்ந்து, பள்ளிக்கூடத்திலேயே பியானோ படித்தவர். இராஜாங்கத்தின் வயதில் பாதிதான் இருக்கும்.

"மேடம், இதுல 'ச' எங்க இருக்கு?" என்று முதல் நாளே கேட்டார் இராஜாங்கம்.

"இங்க சி-தான் சார். ரெண்டு கறுப்புக் கட்டை சேர்ந்து இருக்குல்ல, அதுக்கு இடது பக்கத்து வெள்ளைக் கட்டை. அப்புறம், என்னை மேடம்னு கூப்பிடாதீங்க சார். கூச்சமா இருக்கு."

"வேற எப்படிக் கூப்பிடறது?"

அது ஷமீராவுக்கும் தெரியவில்லை. அதனால் கடைசிவரை மேடமும் சாருமாகவே போயிற்று.

இராஜாங்கத்துக்குப் படிப்பு பயமுறுத்தும் விஷயமாக என்றும் இருந்ததில்லை. நன்னிலம் பக்கத்துக் கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டும் அறுத்தும் வளர்த்த பிள்ளை. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து முனைவர் பட்டம்வரை எந்தப் பரீட்சையிலும் அவர் தோற்றதில்லை. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சு ஹையர் முடித்தவர். பத்து விரலுக்கும் வேலை கொடுத்துப் பழகியவனுக்கு இது என்ன பெரிய விஷயம் என்றுதான் நினைத்தார்.

தட்டச்சில் ஒரு நேரத்துக்கு ஓர் எழுத்துத்தான் அடிப்போம் என்பது அவருக்கு இரண்டாவது வகுப்பில் உறைத்தது. இங்கே இரண்டு கையும் ஒரே சமயத்தில் வேறு வேறு வேலை செய்யவேண்டும். கட்டைவிரலுக்கு எண் ஒன்று. சுண்டுவிரலுக்கு ஐந்து. அதுவரை சரி. வலது கையில் சி-யின் மேல் ஒன்றை வைக்கச் சொன்னார்கள். இடது கையில் அதே பெயருள்ள கட்டைமேல் ஐந்தை வைக்கச் சொன்னார்கள். இசைக்குறிப்புத் தாளைப் பார்த்தால் இன்னும் மோசம். ஐந்து கோடு மேலே, ஐந்து கோடு கீழே. மேலே அடிக்கோட்டில் உட்கார்ந்திருக்கும் புள்ளிக்குப் பெயர் ஈ. கீழேயும் அதேபோல் அடிக்கோட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் அதற்குப் பெயர் ஜி.

"ஒரே இடத்துல இருக்கிறதுக்கு ரெண்டு பேரு எப்படி மேடம்?"

"வரி தொடக்கத்துல ஒரு குறி இருக்குல்ல, க்ளெஃப், அது வேற சார்."

"க்ளெஃப் எதுக்கு வேற?"

ஷமீரா யோசித்தார். "எனக்கு அஞ்சு வயசுலயே சொல்லிக் குடுத்துட்டாங்க சார். நான் கேட்டதே இல்ல" என்றார்.

ஆளுக்கொரு கீபோர்டு இல்லாததால், இருவருக்கு ஒன்று என்று பிரித்தார்கள். இராஜாங்கத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன் நெடுமாறன். அவருடைய இரண்டாம் ஆண்டு மாணவன். காலை முதல் வகுப்புக்குத் தாமதமாக வந்ததற்காக அவர் பலமுறை வெளியே நிற்கவைத்த பையன். உள்ளே விட்ட நாட்களிலும் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் இருப்பான். இப்போது அவருடைய முழங்கையில் தன் முழங்கை பட்டுவிடாமல் ஒடுங்கி உட்கார்ந்தான்.

"நல்லா உட்காரு" என்றார் இராஜாங்கம். அவன் இன்னும் கொஞ்சம் ஒடுங்கினான்.

தற்போதைக்கு இடது பக்கம் உட்கார்ந்தவர் இடது கைப் பகுதியையும், வலது பக்கம் உட்கார்ந்தவர் வலது கைப் பகுதியையும் வாசித்துப் பாருங்கள் என்றார் ஷமீரா. அந்தத் தற்காலிகம் அப்படியே நிலைத்துவிட்டது. பாடப்புத்தகத்தில் இருந்த சின்னப் பயிற்சிப் பாட்டு ஒன்றை இருவரும் எடுத்துக்கொண்டார்கள். அவன் மெட்டை வாசிப்பான். இவர் அடியில் நிதானமாக மூன்று நான்கு கட்டைகளை மாற்றி மாற்றி அழுத்துவார். தை பிறப்பதற்குள் அது கேட்கும்படியாக வந்துவிட்டது. மற்றவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். நெடுமாறன் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

இடைவேளைகளில் பேசவும் தொடங்கினான். வீடு திருப்பனந்தாள் பக்கம். காலையில் முதல் பஸ் பிடித்துக் கும்பகோணத்தில் மாறி வரவேண்டும். அந்த இரண்டாவது பஸ் நேரத்துக்கு வந்தால் அவனும் நேரத்துக்கு வருவான். "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டார். "நீங்க கேக்கல சார்" என்றான், குற்றம் சொல்கிற குரலில் இல்லாமல்.

மறுநாள் அவன் தாமதமாக வந்தபோது, "வா, உட்காரு" என்றுவிட்டார். வகுப்பே அவரைப் பார்த்தது. அடுத்த நாள் வேறொருவன் தாமதமாக வந்தான். அவனை வெளியே நிற்கச் சொன்னார். சொன்ன பிறகு, இவன் எந்த பஸ்ஸில் வருகிறான் என்று தனக்குத் தெரியாதே என்று தோன்றிப் பாடத்தைப் பாதியில் மறந்தார். அந்த வாரம் முழுக்க யாரை உள்ளே விடுவது, யாரை நிறுத்துவது என்று அவரால் தீர்மானிக்க முடியவில்லை. கடைசியில் கதவைத் திறந்தே வைத்துவிட்டார்.

மாட்டுப்பொங்கல் கழிந்து அறுவடைக்காக மனைவியோடு ஊருக்குப் போனார். வேலைக்குப் போனபின் அவர் வாங்கியிருந்த வயலில் அறுப்பு மெஷின் இறங்கியிருந்தது. வரப்பில் நின்றபடி அவர் இடது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஐந்து, மூன்று, ஒன்று, மூன்று. அவருடைய அம்மா காத்தாயி அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, மருமகளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஏன் எழிலு, தம்பிக்குக் கை நடுக்கம் இருக்கா?"

எழில்மொழி அரசு மருத்துவமனையில் செவிலியர். கணவர் சாப்பாட்டு மேஜையில் விரல் தட்டுவதை அவளும் பார்த்திருந்தாள். வகுப்பைப் பற்றி அவர் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. மீட்டிங் என்றுதான் சொல்லிவந்தார். அன்றிரவே கேட்டாள்.

"பியானோ கத்துக்கறேன்."

"எதுக்குங்க?"

"முதல்வர் கையெழுத்துக் கேட்டாரு."

"கையெழுத்துக்கும் தினம் லேட்டா வர்றதுக்கும் என்ன சம்பந்தம்?"

மழைக்கு ஒதுங்கியதைச் சொல்லலாமா என்று நினைத்தார். அந்த மழை பெய்து மாதக்கணக்காயிற்று. "தெரியல எழில்" என்றார். அவள் அவர் கையைப் பிடித்து நீட்டச் சொல்லி, நடுக்கம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு படுத்துவிட்டாள்.

பங்குனி பிறந்ததும் ஷமீரா தேர்வு அறிவித்தார். வெளியிலிருந்து ஒருவர் வந்து கேட்பார். ஒவ்வொருவரும் தனியாக, இரண்டு கையாலும் வாசிக்கவேண்டும்.

இராஜாங்கமும் நெடுமாறனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவரிடமும் இருந்தது ஆளுக்குப் பாதிப் பாட்டு. நெடுமாறன் மற்றப் பாதியைச் சில நாட்களில் பிடித்துக்கொண்டான். இராஜாங்கத்துக்கு வரவில்லை. வலது கை தனியாக வாசிக்கும். இடது கை தனியாக வாசிக்கும். சேர்த்தால் வலது கை தன் வழியை விட்டுவிட்டு இடது கை பின்னாலேயே போகும்.

"நீ என்னப்பா பண்ற? எந்தக் கையை நினைச்சுக்கற?" என்று நெடுமாறனிடம் கேட்டார்.

"எதையும் நினைக்கல சார்."

"நினைக்காம எப்படி?"

அவன் அவருக்காக மறுபடி வாசித்துப் பார்த்தான். யோசித்துக்கொண்டே வாசித்ததில் அவனுக்கும் தவறிற்று. "கேக்காதீங்க சார்" என்றான் கெஞ்சலாக.

தேர்வு நாளில் இராஜாங்கம் தேய்த்த சட்டை போட்டு வந்தார். தேர்வாளர் திருச்சியிலிருந்து வந்த பெரியவர். முதல் வரி பிசகின்றிப் போனது. இரண்டாவது வரியில் வலது கை நின்றுவிட்டது. இடது கை நிற்கவில்லை. அது பாட்டுக்குத் தன் வரியை முடித்து, அடுத்ததற்குப் போய், கடைசிவரை வாசித்துவிட்டுத்தான் ஓய்ந்தது. மெட்டே இல்லாத பாட்டு அறையில் முழுதாகக் கேட்டது.

"வலது கை என்னாச்சு?" என்றார் தேர்வாளர்.

"அது என்னோட பகுதி இல்லைங்க" என்று அவர் வாயில் வந்துவிட்டது.

தேர்வாளர் ஷமீராவைப் பார்த்தார். ஷமீரா தரையைப் பார்த்தார். இன்னொரு தடவை முயலச் சொன்னார்கள். இந்த முறை இரண்டு கையும் நின்றுவிட்டன.

மறுநாள் ஷமீரா துறைக்கே வந்து, அவருடைய மேஜைக்கு முன்னால் நின்றார். "முதல்வர், ஸ்டாஃபை ஃபெயில் போட்டா நல்லா இருக்காதுன்னு சொல்றாரு சார். எக்ஸாமினர் பாஸ் போடல. நான் என்ன பண்ணட்டும்?"

"நான் என்ன வாசிச்சேனோ அதுக்குப் போடுங்க."

அதைச் சொன்னபோது அவருக்குத் தன்மேல் கொஞ்சம் மதிப்புக்கூட வந்தது. ஆனால் முடிவு ஒட்டப்பட்டு, தன் பெயருக்கு நேராகத் தேர்ச்சியில்லை என்று பார்த்தபோது அந்த மதிப்பு நிற்கவில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்கு அதே சொல்லை எழுதியிருக்கிறார். அது பார்க்க இப்படி இருக்கும் என்று தெரியாது. ஷமீராமேல் கோபம் வந்தது. தான் சொன்னதைத்தான் அந்தப் பெண் செய்திருக்கிறது என்பதும் தெரிந்தது. கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் கான்டீனில் போய் உட்கார்ந்தார்.

தேர்ச்சி பெற்ற நெடுமாறன் அவரைத் தேடிக்கொண்டு வந்தான். சந்தோஷமாக இருக்கலாமா கூடாதா என்ற முகம்.

"நல்லா வாசிச்சியாமே" என்றார்.

"நீங்க பக்கத்துல இல்லாம ஒரு மாதிரி இருந்துச்சு சார். என் இடது கையே எனக்கு வேற யாரோடதோ மாதிரி கேட்டுச்சு."

"டீ சாப்பிடறியா?"

இருவரும் டீ குடித்தார்கள். பியானோவைப் பற்றி அதற்கு மேல் பேசவில்லை. நடப்பு வட்டி விகிதம் பற்றி அவன் ஒரு சந்தேகம் கேட்டான். அவர் விளக்கினார். விளக்கி முடித்ததும் அவன், "புரியல சார்" என்றான். எத்தனையோ மாணவர்கள் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். முகத்துக்கு நேராக அப்படிச் சொன்ன மாணவன் அவருக்கு நினைவில்லை. எங்கே புரியவில்லை என்று கேட்டார். "எங்கன்னும் தெரியல சார்" என்றான். தாளை எடுத்து முதலிலிருந்து தொடங்கினார். அது நெடுநேரம் ஆயிற்று.

ஆடியில் கல்லூரி மறுபடி களைகட்டியபோது அடுத்த பியானோ வகுப்புக்கு இராஜாங்கம் பெயர் கொடுத்தார். இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை. ஷமீரா அவரை வலது பக்கம் உட்காரவைத்தார். இடது பக்கத்தில் சீர்காழியிலிருந்து வந்த முதலாண்டுப் பெண் ஒருத்தி. இப்போது மெட்டை வாசிப்பது அவர் பங்கு. பக்கத்துப் பெண் அடியில் வாசிப்பதைக் கேட்கும்போதெல்லாம் அவர் தன் கட்டையை மறந்தார்.

"சார், நீங்க நின்னுட்டீங்க" என்றது அந்தப் பெண்.

"ஆமா" என்றார். "எங்கேர்ந்து எடுக்கலாம்?"

"எனக்குத் தெரியல சார். நானும் உங்களைப் பார்த்து நின்னுட்டேன்."

ஷமீரா வந்து முதலிலிருந்தே எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள்.