மேலே ஓடிய எழுத்து

அந்த ஜப்பானிய அனிமே தொடரைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது அதன் சத்தத்தைத்தான். பேய் வரப்போகிறது என்றால் மற்ற தொடர்களில் வயலினை இழுப்பார்கள். இதில் இருக்கிற சத்தமும் அடங்கிவிடும். மலையடிவார ஊரில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. அதன் கண்ணாடி ஜன்னலில் யாருடைய படம் புதிதாகத் தொங்குகிறதோ, அவர் மறுநாள் ஆற்றில் மிதப்பார். படத்தை மாட்டுவது யார் என்று ஒரு பள்ளிக்கூடப் பெண் தேடுகிறாள். மொத்தம் பன்னிரண்டு எபிசோட். முதல் எட்டையும் நானும் என் தோழியும் கம்பெனி வேனில் பார்த்தோம்.

நான் பம்மலிலிருந்து பஸ் பிடித்துத் தாம்பரம் வந்து வேன் ஏறுவேன். அவள் மாடம்பாக்கத்துப் பெண், கேம்ப் ரோட்டில் ஏறுவாள். அதுவரை அவளுக்கான சீட்டில் என் பை உட்கார்ந்திருக்கும். இயர்போனில் ஆளுக்கு ஒரு காது. ஆபீஸ் இருக்கும் நாவலூர் போவதற்குள் ஒரு எபிசோட் முடிந்துவிடும். ஒருத்தியை விட்டு ஒருத்தி பார்க்கக் கூடாது என்பது பேச்சு. திரையின் கீழே ஓடும் இங்கிலீஷ் சப்டைட்டிலை அவளால் அந்த வேகத்துக்குப் படிக்க முடியாது. நான் படித்துத் தமிழில் சொல்வேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தோல் கம்பெனியில் அப்பாவிடம் கொடுக்கும் காகிதம், அம்மாவின் மாத்திரை அட்டை, கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் எல்லாம் என் கைக்குத்தான் வரும். கொடுத்துவிட்டு என் வாயையே பார்ப்பார்கள். வேனில் அவளும் அப்படித்தான் பார்த்தாள். எனக்கு அது பிடித்திருந்தது.

ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்துவிட்டுத் திரும்பிய அன்று ஒன்பதாவது எபிசோடைப் போட்டேன். அந்தப் பள்ளிக்கூடப் பெண் குளியலறைக் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைக்கிறாள். துடைத்த இடத்தில், அவளுக்குப் பின்னால், இன்னொரு முகம். நான் துள்ளி முன்சீட்டில் முட்டிக்கொண்டேன். இப்படி வந்தால் என் கையைக் கிள்ளிப் பிடிக்கிறவள், அன்று கொட்டாவி விட்டாள்.

“இதப் பாத்துட்டியா?”

“இல்லடி.”

“உண்மையச் சொல்லு.”

“நீ வரல இல்ல, உன் செக்‌ஷன்ல புதுசா வந்துகீதே ஒரு பொண்ணு, அது லஞ்சுல போட்டுக் காட்டுச்சு. கடைசி வரைக்கும் முடிச்சிட்டோம். இன்னாடி, இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு?”

புதியவள் கான்வென்டில் படித்தவள். அவளுக்கு வேன்கூடத் தேவையில்லை. ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் அவள் வீட்டு பால்கனி தெரியும். மேனேஜரிடம் இங்கிலீஷில் ஜோக் அடிப்பாள். அவளுடைய டிபன் பாக்ஸுக்கு எதிரே என் தோழி உட்கார்ந்து அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி எனக்குள் ஓடியது. கண்ணாடியில் வந்த முகம் அதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீதியைத் தனியாகப் பார்த்து முடித்தேன். கொலை செய்தது ஊர்த் தபால்காரி. எனக்குச் சிரிப்பு வந்தது. திங்கட்கிழமை லஞ்சில் அவர்கள் மேஜைக்குக் கூப்பிடாமலே போய் உட்கார்ந்தேன்.

“ஆரம்பம் சூப்பர். முடிவு மோசம்,” என்றேன், புதியவளைப் பார்த்து. “சும்மா லெட்டர் குடுத்துட்டுப் போனவள கடைசில புடிச்சு கொலகாரின்னா எப்படி? ஒரு காரணம் வேணாமா? எழுதினவனுக்கு வழி தெரியல.”

என் தோழி வாய் நிறைய எலுமிச்சை சாதத்தோடு நிமிர்ந்தாள்.

“இன்னாடி சொல்ற? ரெண்டாவது எபிசோட்லயே காட்டிட்டானே. பாலத்துல ஒரு போஸ்டர் ஒட்டிகீது. காணாப்போன பொண்ணு, தபால்காரியோட தங்கச்சி. கடைசியா ஸ்டூடியோகிட்டதான் பாத்தாங்கன்னு மேல எழுத்துல வருது. இந்தப் பொண்ணுதான் அதத் திருப்பிப் போட்டுக் காட்டுச்சே.”

“மேல வர்றது ரொம்ப ஃபாஸ்ட்டா போயிடும்ங்க,” என்றாள் புதியவள். “நான் ஸ்டாப் பண்ணி ஸ்டாப் பண்ணித்தான் படிப்பேன். இல்லன்னா எனக்கு ஒண்ணும் புரியாது.”

எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டாள்! எட்டு எபிசோடில் நான் ஒரு தடவைகூட நிறுத்தியதில்லை. நிறுத்தினால் என் வேகம் அவ்வளவுதான் என்று தெரிந்துவிடும். அதனால் பேச்சு கீழே ஓட, போர்டிலும் போஸ்டரிலும் எழுதியிருப்பதற்கான இங்கிலீஷ் மேலே ஓடும்போது மேலேயிருப்பதை விட்டுவிடுவேன். கீழேயே தவறினால் நானாக ஒரு வசனம் சேர்ப்பேன். என் தோழி அதிகம் சிரித்ததே அந்த வசனங்களுக்குத்தான்.

“அப்ப மேல இருக்கிறத நீ படிக்கவே இல்லியா?” என்றாள் தோழி.

“அன்னிக்கு நெட் சரியில்ல.”

புதியவள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சாயங்காலம் வீட்டில் இரண்டாவது எபிசோடை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். போஸ்டர் இருந்தது. நான்கு வரி. கொலைக்கான காரணம் முழுக்க அதில் இருந்தது. நான் சொன்ன பெரிய குறை தொடருடையது இல்லை. ஆனால் கடைசியில் அந்தத் தபால்காரி பாலத்தில் நின்று பத்து நிமிஷம் எல்லாவற்றையும் விளக்குகிறாளே, அது குறைதான். அதை நான் விடமாட்டேன்.

மறுநாள் அவள் சீட்டில் பையை வைத்துக் காத்திருந்தேன். கேம்ப் ரோட்டில் ஏறினாள். ஒரு காதைக் கொடுத்து இரண்டாவது எபிசோடைப் போட்டேன். பாலம் வந்ததும் நிறுத்தினேன்.

“இன்னாடி, நெட் போச்சா?”

“இல்ல. மேல இருக்கிறதப் படிக்கணும். இரு.”

நான்கு வரியையும் மெதுவாகப் படித்து, ஒன்றையும் சேர்க்காமல் தமிழில் சொன்னேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பொண்ணும் இப்டித்தான் நிறுத்தும்,” என்றாள்.

அதை மட்டும் அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.