எதிர்தரப்பினர் கையில் என் கார்புரேட்டர்

இன்று குறிஞ்சிப்பாடியில் என் பழைய பைக் நின்றுவிட்டது. நேரத்துக்குக் கடலூர் நீதிமன்றம் சேராவிட்டால் என் கட்சிக்காரரின் வழக்கு தள்ளுபடியாகிவிடும்.

அருகிலிருந்த ஒரே மெக்கானிக், அதே வழக்கின் எதிர்தரப்பினர். சென்ற வாய்தாவில் குறுக்கு விசாரணையின்போது, "ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்" என்று அவரை நான் அதட்டியிருந்தேன்.

அவர் கார்புரேட்டரைப் பார்த்தார்.

"சோக் போட்டா ஓடுதா, வக்கீல் சார்?"

"அது சூழ்நிலையைப் பொறுத்தது..."

"ஆமாவா, இல்லையா?"

"ஆமாம்."

"அப்ப இன்ஜினுக்குப் பெட்ரோல் கம்மியாப் போவுது. கார்புரேட்டர் ஸ்க்ரூவ நீங்களே திருகினீங்களா?"

"திருகியதாக நினைவில்லை."

"சார்!"

"ஆமாம்."

சரிசெய்ததும் பின்னால் ஏறிக்கொண்டார். "உங்கள இங்கயே வுட்டா கேஸு முடிஞ்சிடும் சார். என்ன பண்றது, எனக்கும் கோர்ட்டுக்குப் போற பஸ்ஸு போயிடுச்சே."

நீதிமன்ற வாசலில் என் கட்சிக்காரர் எங்களை ஒரே வண்டியில் பார்த்துவிட்டார்.

அவருக்கு நான் அளிக்கவேண்டிய விளக்கத்தைக் கற்றறிந்த நண்பர்கள் கீழே பின்னூட்டத்தில் வரைந்து தரவும். ஆமாம், இல்லை மட்டும் போதாது.