நாலேகால் மணிக்குப் பெயர் கூப்பிட்ட எங்கள் அக்கா

அக்கா மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் உடன்பிறந்த தம்பியின் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். செய்தித்தாள்களை வாசித்தே எழுத்தைத் தேற்றிக்கொண்டேன். பிழையிருப்பின் பொறுத்தருள்க. அக்கா பொறுத்திருக்க மாட்டார். திருப்பி எழுதச் சொல்லியிருப்பார்.

அக்கா மாரமங்கலத்தில், சாமையும் மிளகும் விளைவித்த எங்கள் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் தாய் தந்தையர் இருவரும் எஸ்டேட் வேலைக்குச் சென்று, இருட்டும் நேரத்தில்தான் திரும்புவார்கள். அப்பொழுது அக்கா ஏழாம் வகுப்பு. நான் நடை பழகும் குழந்தை. என்னை யாரிடம் விடுவது என்று வீட்டில் இரண்டு நாள் பேச்சு நடந்தது. மூன்றாம் நாள் அக்காவின் புத்தகப் பை ஆணியில் தொங்கியது. நான் அவருடைய இடுப்பில் தொங்கினேன். அப்பை பிறகு கீழே இறங்கவில்லை. அவ்வளவு விலை கொடுத்து வளர்த்த தம்பி ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டானே என்ற கோபம் அவருக்குக் கடைசி வரை ஆறவில்லை.

நாகலூரில் வாழ்க்கைப்பட்டார். மாமா இளம் வயதிலேயே நோயில் தவறியபின், எஸ்டேட்டின் குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாகச் சேர்ந்து தம் ஒரே மகனை ஆளாக்கினார். ஊரில் பாதிப் பேர் அவருடைய கையால் தட்டப்பட்டுத் தூங்கியவர்களே. ஓய்வு பெற்ற பின்னரும் அந்தக் கைக்கு ஓய்வு கிட்டவில்லை. அதற்குக் காரணம் என் பேத்தி தர்ஷினி.

நானும் நாகலூருக்கே குடிவந்துவிட்டவன். என் மகன் லாரி ஓட்டுபவன்; பாதி நாள் வெளியூர். மருமகளுக்கு ஏற்காட்டில் ஒரு ஓட்டலில் நிரந்தர வேலை கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் பெண்ணொருத்தி மாதச் சம்பளத்தில் அமர்ந்தது அதுவே முதன்முறை. ஆனால் பள்ளி வேன் தர்ஷினியை நாலு மணிக்கு இறக்கிவிடும். தாய் ஏறிவரும் பஸ் ஆறரைக்குத்தான் வரும். பால்வாடியில் விட அவள் சிறு குழந்தையல்லள். தனியே விடப் பெரியவளும் அல்லள். நகரத்தில் டியூஷன் உண்டு, திரும்பிவரப் பஸ் இல்லை. விடுதியில் சேர்க்கலாம் என்றால் பிள்ளை இரண்டு வேளை உண்ணாமல் இருந்து காட்டிவிட்டாள். ஆகவே, நானே பார்த்துக்கொள்வதாகப் பெருமையுடன் அறிவித்தேன்.

மூன்றாம் நாள் நான் நாற்காலியிலேயே உறங்கிப்போனேன். தர்ஷினி தாயை எதிர்கொண்டழைக்க எஸ்டேட் பாதையில் இறங்கியிருக்கிறாள். வளைவில் காட்டெருமை ஒன்று நின்றிருந்தது. பிள்ளை ஓடிப்போய்ப் பஸ் நிழற்குடையில் ஒடுங்கி உட்கார்ந்துவிட்டாள். தாய் வந்து இறங்கிய பின்னரே வீடு வந்தாள்.

மருமகள் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. "நான் வேலைய உட்டுடறேனுங்க மாமா," என்றார்.

செய்தி எட்டியதும் அக்கா வந்து வாசலிலேயே நின்றார்.

"யாரு வேலைய உடறது? ஒரு ஊட்ல ஒருத்தி பைய ஆணியில மாட்டுனது போதும். நாளைக்குப் புள்ளைய எங்கூட்டுக்கு அனுப்பு. இவளாட்டம் இன்னும் எத்தன புள்ளைங்க இருக்குதோ, எல்லாத்தையும் அனுப்பச் சொல்லு." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ தூங்கு, போ."

மறுநாள் ஏழு பிள்ளைகள் வந்தார்கள். எல்லோரும் ஆறிலிருந்து எட்டு வரை படிப்பவர்கள். அக்காவோ காப்பகத்துப் பழக்கத்தை மறக்கவில்லை. ஏழு பேருக்கும் கால் கழுவிவிட்டார். வரிசையாகப் பாய் விரித்தார். பால் கொடுத்துப் படுக்கவைத்து, தர்ஷினியை முதுகில் தட்டத் தொடங்கினார். அரை மணி கழித்து நான் எட்டிப் பார்த்தபொழுது, தட்டிய கை பாயின் மேல் கிடக்க அக்கா நல்ல உறக்கத்தில் இருந்தார். பிள்ளைகள் ஏழு பேரும் பின்பக்கத்துக் கொய்யா மரத்தில் இருந்தார்கள். தூங்கும் விஷயத்தில் நாங்கள் ஒருதாய்ப் பிள்ளைகளே என்பதை அன்று ஊரறிந்தது.

மறுநாள் விசாரணை நடந்தது.

"ஏன் சாமி, ஓடிப்போனீங்க?"

எட்டாம் வகுப்பு ஸ்டீபன் எழுந்தான். "நாங்க என்னங்க பால்வாடிப் புள்ளைங்களா? காலெல்லாம் கழுவி உடறீங்க."

"பின்ன என்னன்னு வெக்கட்டும் உங்கள?"

"பெரிய ஆளுங்கன்னு வெய்யுங்க."

அக்கா சற்று யோசித்தார். "பெரிய ஆளுங்கன்னா எஸ்டேட்ல காத்தால பேர் கூப்புடுவாங்கல்ல? அதாட்டம் நிக்கோணும். வாரத்துக்கு ஒருத்தரு மேஸ்திரி. பேரு கூப்புட்டு ஆளு வல்லீனா, தேடறது மேஸ்திரி பொறுப்பு. ஆகுமா?"

ஆகும் என்றார்கள். அன்று முதல் நாலேகால் மணிக்கு அக்காவின் வாசலில் பெயர் கூப்பிடுதல் தொடங்கியது. செல்போன்கள் பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். வீட்டுப் பாடம் முடியும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் முறைவைத்து வரும் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, வேகும். ஆறரைப் பஸ் ஒலி கேட்டதும் மேஸ்திரி பிள்ளைகளைப் பெற்றோரிடம் ஒவ்வொருவராக ஒப்படைத்துப் பெயருக்கு நேரே கோடு போட வேண்டும். பக்கத்திலேயே காப்பிக்கொட்டை உலர்ந்து கிடந்தாலும், அதைத் தொட மட்டும் அக்கா விடமாட்டார். "அது உங்கம்மா வேல. உங்க வேல பையில இருக்குது," என்பார்.

ஒருநாள் ரேஷன் கடையில் கூட்டம். அக்கா நாலரைக்குத்தான் வந்தார். அவ்வார மேஸ்திரியான தர்ஷினி, அக்காவின் பெயரையும் நோட்டில் எழுதி, நேரே ஆப்சென்ட் என்று போட்டு வைத்திருந்தாள்.

"எனக்கேவா கண்ணு?"

"எல்லாருக்குந்தானுங்க. லெட்டர் குடுத்தா லீவுன்னு மாத்திக்கலாம்."

அக்கா உட்கார்ந்து, கால் பக்கத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தார். நாகலூரில் அன்று சிரிக்காதவர் இல்லை.

இவ்வாறு மூன்றாண்டுகள் நடந்தன. ஏழு பேர் பத்தொன்பது பேரானார்கள். என் மருமகள் மட்டுமன்றி, பக்கத்து ஊரான வெள்ளக்கடையிலிருந்து ஸ்கூட்டரில் வேலைக்குச் சென்ற தாய்மார் இருவரும் தம் வேலையைக் காத்துக்கொண்டார்கள்.

பின்னர் அக்காவுக்கு நெஞ்சில் நோவு கண்டது. சேலத்து மருத்துவமனையில் பத்து நாட்கள் இருந்தார். வலி குறைந்த வேளைகளில் அவர் கேட்டதெல்லாம் ஒன்றே: "இன்னைக்கு யாரு நின்னா?" பக்கத்து வீட்டு அம்மையார் பார்த்துக்கொள்கிறார் என்றேன், அவருக்கும் தனியாக முடியவில்லை என்பதை மறைத்தேன். அக்காவிடம் மறைக்க இயலுமா? ஒன்பதாம் நாள் தாளும் பேனாவும் கேட்டார். எழுதி, மடித்து, மேஸ்திரியிடம்தான் கொடுக்க வேண்டும் என்று ஆணையிட்டார். மறுநாள் அமைதியாகக் கண் மூடினார்.

காரியங்கள் முடிந்த மறுநாள், பிள்ளைகள் வருவார்களோ மாட்டார்களோ என்ற கலக்கத்துடன் அக்காவின் வாசலுக்குச் சென்றேன். மருமகள் விடுப்பை நீட்டிக்கலாமா, வேலையையே விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த வாரம் அது. நாலேகால் மணிக்குப் பத்தொன்பது பேரும் வந்து நின்றார்கள். மீண்டும் தர்ஷினியின் முறை. முதற்பெயராக அக்காவின் பெயரை வாசித்தாள். அக்கா மடித்துத் தந்த தாளை நான் அவளிடம் நீட்டினேன். அவள் கடிதத்தைப் பிரித்துப் படித்தாள்.

"மேஸ்திரி அவர்களுக்கு. உடல்நலமில்லாதபடியால் நான் வேலைக்கு வர இயலாது. எஸ்டேட் வழக்கப்படி பதில் ஆளாக என் தம்பியை அனுப்புகிறேன். தூங்கினால் எழுப்பிவிடவும்."

முதலில் சிரித்தவன் ஸ்டீபன். அப்புறம் எல்லோரும் சிரித்தோம். சிரித்தபடியே கண்களையும் துடைத்துக்கொண்டோம். தர்ஷினி நோட்டில் அக்காவின் பெயருக்கு நேரே லீவு என்று எழுதி, அடியில் என் பெயரைச் சேர்த்தாள். அடுத்த வாரம் மருமகள் வேலைக்குத் திரும்பினார்.

அக்காவைப் பேணிய மருத்துவர், செவிலியருக்கும், ஆம்புலன்ஸைப் பனிமூட்டத்தில் பதறாமல் இறக்கிச் சென்ற ஓட்டுநருக்கும், இறுதி வரை கையைப் பிடித்திருந்த அவருடைய மகனுக்கும் மருமகளுக்கும், என்னோடு தினமும் வாசலில் அமரும் பக்கத்து வீட்டு அம்மையாருக்கும், கிழங்கு முறை தவறாத எல்லா வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது.

இன்றைய விருந்துக்குப் பின் அக்காவின் வீட்டில் தங்கும் உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாலேகால் மணிக்குப் பெயர் கூப்பிடுவார்கள். வாசலில் இருப்பவர்கள் வயது பாராமல் வரிசையில் நிற்க வேண்டும். என் பெயர் கடைசி. ஓராண்டில் ஒருநாளும் ஆப்சென்ட் இல்லை. இரண்டு முறை எழுப்பிவிட்டார்கள்.