கேட்கவில்லை என்று எழுதுபவர்

குடிநீர் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ‘காது’. சாலைக்கு அடியில் குழாய் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பது வேலை. வண்டிகள் கிளம்பாத விடியற்காலையில் இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தாரில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் குனிந்து நிற்பார். தண்ணீர் சீறும் சத்தம் கேட்டால் சாக்கட்டியால் குறி போடுவார்; பின்னால் வருகிறவர்கள் அங்கே தோண்டுவார்கள். இருபத்தாறு வருடத்தில் வெறும் மண்ணைத் தோண்ட வைத்தது இரண்டே முறை. அந்த இரண்டையும் தேதியோடு சொல்வார், விரும்பாதவர்களிடமும்.

பொறியாளருக்கும் அவருக்கும் ஒரே தகராறு. சத்தம் எதுவும் வராத தெருவுக்குப் படிவத்தில் ‘கசிவு இல்லை’ என்று எழுத வேண்டும். இவர் ‘கேட்கவில்லை’ என்று எழுதுவார்.

“ரெண்டும் ஒண்ணுதானேய்யா?”

“இல்ல சார். ஒண்ணு என் காதைப் பத்தினது. இன்னொண்ணு தண்ணியைப் பத்தினது.”

இந்த ஞானத்துக்காக மெமோவும் வாங்கியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் அவர் உதாரணப் பொருள். “கண்ணுக்குத் தெரியாத தண்ணி இருக்கிறது இவருக்கு எப்படித் தெரியுது?” என்று போதகர் கேட்க, சபை மொத்தமும் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்க்கும். அவர் தலையைக் குனிந்துகொள்வார். கடவுளை நம்பினார். எதையும் கேட்டதாக மட்டும் சொன்னதில்லை.

அவர் மனைவி தையல் வேலை செய்தவள். வாய் ஊசியைவிடக் கூர்மை. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூன்று முறை எடுத்தாயிற்று. இனி எடுத்துப் பயனில்லை என்று டாக்டர் வெளியே அழைத்துச் சொன்னார். அவளுக்கு அது உள்ளேயே தெரிந்திருந்தது.

போதகர் வந்தார். படைப்பைப் பார்க்கிற எவருக்கும் படைத்தவர் இருப்பது புரியும் என்றார். தப்புச் செய்தால் உள்ளே குத்துகிற மனசாட்சியும் அவர் வைத்ததுதான். அதுவும் போதாதென்று வேதத்தில் பேசினார், கடைசியில் கிறிஸ்துவாக வந்து சிலுவையில் தம்மையே காட்டினார். மனிதன் தேடிக் கண்டுபிடித்ததல்ல, அவரே வெளிப்படுத்தியது. ஒழுங்கான வாதம். மூச்சு முட்டாதவர்களுக்கு ஏற்றது.

“ஐயா, இந்த ஜன்னல்ல வானம் தெரியல. பக்கத்துக் கட்டடத்து ஏசி பெட்டிதான் தெரியுது,” என்றாள் அவள். “மனசாட்சி இருக்கு. ஆனா அது எங்க மாமியார் குரல்லதான் பேசுது.”

“கடவுள் கிடைச்ச குரல்ல பேசுவார்மா,” என்றார் போதகர். ஜெபித்துவிட்டுப் போனார்.

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். “அவர் சொல்றது அவர் படிச்சது. நீங்க சொல்லுங்க. இத்தனை வருஷமா அந்தக் கடைசி பெஞ்சுல உட்கார்ந்திருக்கீங்களே, ஏதாவது கேட்டுச்சா?”

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அவள் நிம்மதியாகப் போவாள். யாரும் தோண்டிப் பார்க்கப் போவதில்லை. ஆனால், கேட்காத இடத்தில் குறி போட மாட்டார் என்பது ஒன்றுதான் அவரிடம் அவள் பெருமைப்பட்ட குணம்.

“கேக்கல,” என்றார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தன் கையாலேயே அவள் மூச்சைப் பிடுங்கிவிட்டது போலிருந்தது அவருக்கு.

“இல்லன்னு எழுதுவீங்களா?”

“மாட்டேன்.”

“ஏன்?”

“நல்லா இருக்கிற குழாய் சத்தமே போடாது. உள்ள தண்ணி நிறைஞ்சு ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். உடைஞ்ச இடத்துலதான் கேக்கும்.”

அவள் கண்ணைத் திறந்தாள். “போதகர் சிலுவையைப் பத்திச் சொல்றதும் அதுதானோ என்னவோ. அப்ப நானும் உடைஞ்ச இடம்தான். இங்க வச்சுக் கேளுங்க.”

அவள் நெஞ்சில் காதை வைத்தார்.

“என்ன?”

“தண்ணி.”

“அது டாக்டருக்கே தெரியும். காதுன்னு பேரு வேற!” சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, நெடுநேரம் நிற்கவில்லை.

மூன்றாம் நாள் காலை அவள் உதடுகள் அசைந்தன. யாரிடம் பேசினாள் என்று தெரியவில்லை. பார்வை அவர் மேல் இல்லை. அவர் குனிந்து வாயருகே காதை வைத்தார். பிறகு அசைவு நின்றது.

கட்டில் காலடியில் நின்ற அவள் தங்கை கேட்டாள்: “அத்தான், அக்கா என்ன சொன்னா?”

“கேக்கல.”

“ஒண்ணும் சொல்லலையா?”

“கேக்கலன்னுதானே சொன்னேன்,” என்று சீறிவிட்டு, மறுபடி குனிந்து அதே இடத்தில் காதை வைத்தார். நர்ஸ் வந்து தோளைத் தொடும்வரை நிமிரவில்லை.