இறுகாத சிமெண்ட்

ஊரில் எல்லோருக்கும் சிமெண்ட் சீக்கிரம் இறுக வேண்டும். என் அக்காவுக்கு மட்டும் அதை இறுகவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் சம்பளம். வீடு கட்டும் மேஸ்திரியான எங்கள் மாமா, "நல்ல வேலைம்மா, எங்க பொழப்புல மண்ணைப் போடுற வேலை" என்று சிரிப்பார்.

எண்ணெய்க் கிணற்றில் இரும்புக் குழாயைச் சுற்றிலும் சிமெண்ட் போட வேண்டும். கரைசலை அந்தக் குழாய் வழியாகவே கீழே தள்ளி, அடியிலிருந்து வெளிப்பக்கமாக மேலேற்றுவார்கள். அடியில் கொதிக்கிற சூடு. போய்ச் சேருமுன் குழாய்க்குள்ளேயே இறுகிவிட்டால் கிணறு அவ்வளவுதான். அதனால் இறுகுவதைத் தள்ளிப்போட ஒரு பாலிமர் பொடி சேர்ப்பார்கள். எவ்வளவு பொடி என்று சொல்வது அக்கா. ஆய்வுக்கூடத்தில் ஒரு இயந்திரம் அதே சூட்டில், அதே அழுத்தத்தில் கரைசலைக் கலக்கிக்கொண்டிருக்கும். இறுகும்வரை ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அவசரப்படுத்த வழியே இல்லை, சனியன்.

வீட்டிலும் அவளுக்கு அதே புத்திதான். பிசைந்த மாவு, சோப்பு, தலையணை, எதைக் கண்டாலும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். அம்மா உள்ளங்கையை நீட்டுவாள்.

"என்னையும் அழுத்திப் பாருடி, இறுகிட்டேனான்னு."

"இன்னும் கொழகொழன்னுதான் இருக்கே."

"அப்ப இன்னும் கொஞ்ச நாள் ஓடும்."

மூச்சு முட்டி அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் காலை, டாக்டர் என்னைத் தனியே அழைத்து, வர வேண்டியவர்களை வரச் சொல்லிவிடச் சொன்னார். அக்காவுக்குப் போன் போட்டேன்.

"இப்பதான்டா மெஷின்ல ஊத்தினேன். பொடி புது மூட்டை. நேத்து கலந்தது பாதியிலேயே கல்லா போயிடுச்சு. கிணத்துல ஆளுங்க நான் சொல்றதுக்காகக் காத்திருக்காங்க. விட்டுட்டு வந்தா மறுபடி முதல்ல இருந்து."

"வேற ஆளே இல்லையா?"

"இருந்தவர் லீவுடா. இறுகினதும் ஓடி வந்துடறேன்னு அம்மாகிட்ட சொல்லு."

சொன்னேன். அம்மா தலையசைத்துவிட்டு வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் மறுபடி கூப்பிட்டேன். "இன்னும் இறுகலடா" என்றாள். அழுதுகொண்டிருந்தாள். அன்றைக்குப் பார்த்து அந்தப் பாழாய்ப்போன பொடி நன்றாக வேலை செய்தது.

"பெத்தவளை விட சிமெண்ட் பெருசா போச்சா உனக்கு?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அம்மா போய்விட்டாள்.

அக்கா வந்து சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் விளக்குப் போட்டுவிட்டார்கள். அவள் நகக்கண்ணில் சிமெண்ட் ஒட்டியிருந்தது. கட்டிலருகே நின்று அம்மாவின் கையை எடுத்தாள். மடங்கிய விரல்கள் பிரியவில்லை. கட்டைவிரலை எப்படியோ உள்ளே நுழைத்து உள்ளங்கையை அழுத்தினாள். இன்னொரு முறை அழுத்தினாள்.

"விறைச்சுப் போச்சேடா" என்றாள், என்னைப் பார்த்து.

அவளைத் திட்ட எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். ஸ்டூலை இழுத்து அவள் பக்கம் போட்டேன்.

கிணற்று வேலை நல்லபடியாக முடிந்ததாம். அக்கா இன்றும் அதே வேலைக்குத்தான் போகிறாள். வீட்டில் எதையும் அழுத்திப் பார்ப்பதில்லை.