கவிழ்த்த கிண்ணத்தின் கீழே

கவிழ்த்து வைத்த கிண்ணத்தை ரெங்கசாமி இரண்டு விரலால் தூக்குகிறார். உள்ளே வெள்ளைக் காகிதத்தின் மேல் ஒரு காளான் குடை குப்புறக் கிடக்கிறது. அதை எடுத்து வைத்துவிட்டுக் காகிதத்தை ஜன்னலோரம் கொண்டுபோகிறார். குடையின் மடிப்புகளிலிருந்து உதிர்ந்த பொடி, கோடு கோடாக வட்டம் போட்டிருக்கிறது. "ரோசு," என்கிறார். அடுத்த கிண்ணத்தில் இருப்பது கீழே திடலில் பறித்தது. அதன் பொடி பச்சை. "இது ஆகாது லா."

மேரு ரோட்டு மலிவு விலை அடுக்குமாடி வீடுகளில் எனக்கு எதிர்வீட்டுக்காரர் இவர். தொழிற்சாலை ஒன்றில் காவலாளி. சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் மண் தோண்ட ஒரு தேய்ந்த கரண்டி. தானாக வாய் திறக்க மாட்டார். காளானைப் பற்றிக் கேட்டுவிட்டாலோ, அன்றைக்கு நம் பொழுது போச்சு.

"ரோசு மட்டும் வந்தா போதாது தம்பி. தண்டுல மோதிரம் மாதிரி வளையம் இருக்கக் கூடாது. குடை மேல செதில் இருக்கக் கூடாது. தண்டு வேரு மாதிரி கீழ கரையான் புத்து வரைக்கும் போவணும். ஒண்ணு கொறைஞ்சாலும் தூக்கிப் போட்ரணும்."

இவ்வளவு தெரிந்தவரிடம் கீழ்வீட்டு மாரியாயி ஒரு பை காளானோடு வந்து கேட்டால், கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். "எனக்குத் தெரியாதுக்கா. கொட்டிடுங்க." ராங்கி பிடித்த மனுஷன் என்று மாரியாயி சொல்லித் திரிகிறார். காரணம் தெரியும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கேரி தீவுத் தோட்டத்தில் முப்பது வருஷம் தப்பாத கை அவருடையது. எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே எந்தப் புற்றில் எந்த மழைக்குக் காளான் பூக்கும் என்பது அத்துபடி. எழுபத்தெட்டாம் வருஷம் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்று இங்கே வந்தார். முதல் மழைக்கே திடல் முழுக்க அதே வெள்ளைக் குடைகள். இளசு, அடியிலும் வெள்ளை. பறித்து மனைவி சீதாலெட்சுமியிடம் கொடுத்துவிட்டுக் காவல் வேலைக்குப் போனார். அந்த அம்மாள் வழக்கம்போல ஒரு பிடி அரிசி போட்டு அவித்துப் பார்த்தார். விஷம் இருந்தால் அரிசி நிறம் மாறும் என்பது தோட்டத்து நம்பிக்கை; மாறவில்லை. நம்பிச் சாப்பிட்டார். ரெங்கசாமி திரும்பி வந்தபோது மனைவி வாந்தியில் சுருண்டு கிடந்தார். நான்கு நாள் ஆஸ்பத்திரி. மிச்சக் காளானை வாங்கிப் பார்த்த லேப்காரர் ஜெய்னுலாபுதீன்தான் இந்தக் காகித வித்தையைக் காட்டிக்கொடுத்தார்.

"தோட்டத்துல நான் காளானைப் பாக்கவே இல்ல தம்பி. எடத்தைப் பாத்துப் பறிச்சேன். இங்க எடம் வேற."

பிழைத்து வந்த சீதாலெட்சுமி ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் கணவர் வாங்கி வந்த எதையும், பப்பாளிப் பழத்தைக்கூட, அதன் பிறகு தொடவில்லை. அடுத்த மாதம் காஜாங்கில் மகள் வீட்டுக்குப் போனவர்தான், ஆறு வருஷமாக அங்கேயே இருக்கிறார். ஒரே ஒரு தடவை அவள் என் கையால் வாங்கிச் சாப்பிட்டுவிட வேண்டும், அது போதும் என்கிறார் ரெங்கசாமி. அதற்காகத்தான் லீவு நாளில் பஸ் ஏறிப் பழைய தோட்டத்துக்கே போய்ப் பறித்து வருகிறார். போன வருஷம் குழம்போடு காகிதத்தையும் காஜாங்குக்கு எடுத்துப் போயிருக்கிறார்.

"கண்ணாடியைப் போட்டுப் பாத்தா. 'நல்லாதான் இருக்கு'ன்னா. மடிச்சு என் கையிலயே குடுத்துட்டா. தட்டைத் தொடல."

சொல்லிக்கொண்டே ரோசுப் பொடி விட்ட காளானைச் சமைக்கிறார். சின்ன வெங்காயமும் மிளகும் வதங்கும் மணம் மாடிப்படி வரை போகிறது. சாப்பிட ஆள் அவர் ஒருவர்தான். இன்று எனக்கும் ஒரு தட்டு வைத்தார்.

நானோ சாப்பாட்டுராமன். எல்லாச் சோதனையும் என் கண்ணெதிரே நடந்தது. ரோசுக் காகிதம் பக்கத்திலேயே கிடக்கிறது. இருந்தும் என் கை தட்டுக்கு மேலே ஒரு கணம் நின்றுவிட்டது. வெட்கமாகப் போய்விட்டது எனக்கு. சட்டென்று கையைத் தட்டில் இறக்கினேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"நீங்க டீ குடிங்க தம்பி," என்றார். என் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அதிலிருந்தே சாப்பிட ஆரம்பித்தார்.